தப்பனுக்குத் தீட்டு ஏது?

2007 மே மாதம் ஹெல்சிங்கியில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பல்கேரியாவுக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. 2005இல்தான் அந்த நாடு முதன்முறையாகக் களமிறங்கியிருந்தது. அதற்கு முன் இறுதிச் சுற்றை எட்டியதே இல்லை. பாட்டின் பெயர் ‘வோதா’. பாடியவர் எலித்சா தோதோரோவா. உடன் நின்று தோற்கருவி வாசித்தவர் ஸ்தோயான் யங்குலோவ். நாட்டார் பாடகிகளுக்கே உரிய அந்தத் திறந்த தொண்டை, அடியில் மின்னணு நடன இசை, இடையில் இருவரும் சேர்ந்து முழக்கிய முழக்கு. பல்கேரிய மொழியில் பாடிய பாட்டுக்கு ஐரோப்பா 157 புள்ளிகள் கொடுத்தது. 2013இல் மால்மோவுக்கு அதே ஜோடி மறுபடியும் போனது. அந்தமுறை அரையிறுதியோடு திரும்பிவிட்டார்கள்.

யங்குலோவை இந்தப் போட்டியை வைத்து மட்டும் அறிந்தவர்கள் அவரைப் பாதிதான் அறிந்தவர்கள். ஜாஸ் மேடைகளில் டிரம்ஸ் வாசித்துப் பெயரெடுத்தவர் அவர். கவால் என்ற மேய்ச்சல்காட்டுப் புல்லாங்குழலை ஜாஸுக்குள் கொண்டுவந்த தியோதோசி ஸ்பாசோவோடு வாசித்தவர். தோளில் தப்பன் என்ற முரசை மாட்டிக்கொண்டு தனியாகவே ஓர் அரங்கத்தைக் கட்டிப்போடக்கூடியவர்.

அவரைப் போன்றவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே ஒரு புகாரும் வரும். தப்பன் பல்கேரியக் கிராமத்தின் மத்தளம். ஊர்ப் பொதுவெளியில், கல்யாண வீட்டு முற்றத்தில், கைகோத்து ஆடும் ஹோரோ வளையத்துக்கு நடுவே ஒலிக்கவேண்டியது. அதைக் கொண்டுபோய் டிரம் செட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சின்தசைசரோடு முடிச்சுப் போட்டால் சத்தம் மிஞ்சும், மரபு கரைந்துவிடும். தப்பனைத் தப்பனாகவே விடுங்கள், கலக்காதீர்கள். இதுதான் புகார். இதைச் சொல்கிறவர்களில் நாட்டார் இசையைத் தேடித் தொகுத்தவர்கள் உண்டு, விழா நடத்துகிறவர்கள் உண்டு, பால்கன் இசைக்காகவே விடுப்பெடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் மேற்கத்திய ரசிகர்கள் உண்டு. அக்கறையில் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர்கள் காப்பாற்ற நினைக்கிற அந்தக் கலப்பில்லாத தப்பன், எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் இருந்ததில்லை. தீட்டு என்று ஒதுங்கவேண்டுமானால் முதலில் ஒரு சுத்தம் இருந்தாகவேண்டுமே.

கருவியைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்த்துவிடலாம். இரண்டு முகம் கொண்ட அகலமான மரக்கூடு. வாரைத் தோளில் போட்டு, வயிற்றுக்கு முன்னால் சாய்வாகத் தொங்கவிட்டு, நின்றபடியோ நடந்தபடியோ வாசிப்பார்கள். ஒரு முகத்தில் தடித்த தோல், மறு முகத்தில் மெல்லிய தோல். கூட்டின்மேல் வளைந்து வளைந்து ஓடும் கயிறு இரண்டையும் இழுத்துப் பிடித்திருக்கும். தடித்த முகத்துக்குக் கியாக் என்ற கனத்த கோல். அதன் நுனி பருத்திருக்கும். மெல்லிய முகத்துக்குப் பிரச்கா என்ற ஒல்லிச் சுள்ளி. கியாக் விழுந்தால் ஒலி அடிவயிற்றில் இறங்கும். பிரச்கா பட்டால் காதில் சுரீரென்று தைக்கும். ஒரு கை நிலத்தை உதைக்க, மறு கை அந்த உதைகளுக்கு இடையே பொடியாகத் தூவிக்கொண்டே போகும். ஒரு பக்கம் கோலும் மறுபக்கம் கூடு மாட்டிய விரல்களுமாகத் தவில் வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு, இரண்டு கைக்கும் இரண்டு வெவ்வேறு உத்தியோகம் என்கிற ஏற்பாடு சட்டென்று பிடிபடும்.

தாளங்களும் நமக்கு முழுக்க அந்நியமல்ல. பைதுஷ்கோ ஆட்டத்துக்கு ஐந்து, 2+3. ராச்செனித்சாவுக்கு ஏழு, 2+2+3. தைச்சோவோவுக்கு ஒன்பது, 2+2+2+3. கோப்பனித்சாவுக்குப் பதினொன்று, 2+2+3+2+2. புச்சிமிஷுக்குப் பதினைந்து. ஏழையே முன்னால் மூன்றை வைத்து 3+2+2 என்று எடுக்கும் ஆட்டங்களும் உண்டு. அதைக் கேட்கிற தமிழ்க் காது மிஸ்ர சாபு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ஆனால் ஆடுகிறவர்கள் ஏழு வரைக்கும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. குட்டை, குட்டை, நெட்டை என்று மூன்று அடிதான் அவர்கள் காலுக்குத் தெரியும். அந்த நெட்டை அடியில் உடம்பு ஒரு கணம் தொங்கி, பிறகு இறங்கும். அது ஏட்டில் எழுதியபடி குட்டையைப்போல் சரியாக ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும் என்றும் இல்லை. வேகம் ஏற ஏற, ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர், இழுத்தும் சுருக்கியும் வாசிப்பார்கள். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது புகாருக்கு வருகிறேன். தப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த அந்நிய டிரம் செட் எங்கிருந்து வந்தது? அதன் வயிறு என்று சொல்லத்தக்கது பேஸ் டிரம். ஐரோப்பிய இசைக்குழுக்களில் இந்தப் பெரிய முரசு பரவலானது 18ஆம் நூற்றாண்டில். ஓட்டோமான் படைகளுக்கு முன்னால் வாசித்துச் சென்ற மெஹ்தர் வாத்தியக் குழுக்களைப் பார்த்து மயங்கிய ஐரோப்பிய அரசவைகள், தங்கள் படை வாத்தியங்களில் துருக்கிப் பாணியைச் சேர்த்துக்கொண்டன. மெஹ்தர் குழுவின் பெருமுரசு தாவுல். தாவுலும் தப்பனும் ஒரே கருவி. பெயர்தான் எல்லைக்கு எல்லை மாறுகிறது. வியன்னாவில் 1782இல் மொத்சார்ட் துருக்கி அரண்மனையைக் களமாக வைத்து ஓர் இசைநாடகம் போட்டபோதும், 1794இல் ஹைடன் தன் ‘ராணுவ’ சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றியபோதும், ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் இந்த முரசு வந்து நின்றது. அந்தக் காலத்து வாசிப்பு முறைதான் வேடிக்கை: ஒரு முகத்தில் கனத்த கோல், மறு முகத்தில் சுள்ளிக் கட்டு. கோலுக்கும் சுள்ளிக்கும் தனித்தனியாகக் குறியீடு எழுதினார்கள். கியாக்கும் பிரச்காவும் வியன்னாவுக்கே போய்ச் சேர்ந்திருந்தன என்று அர்த்தம்.

அங்கிருந்து படை வாத்தியங்களுக்கு, அவற்றிலிருந்து அமெரிக்கத் தெரு ஊர்வலங்களுக்கு, அங்கிருந்து நடன விடுதிகளுக்கு. 1909இல் சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் காலால் அடிக்கும் மிதியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, பெருமுரசை ஒருவன் உட்கார்ந்தபடியே காலுக்குக் கொடுத்துவிட்டுக் கைகளைச் சிறு முரசுகளுக்கும் தாளத்தட்டுகளுக்கும் விட முடிந்தது. அந்தத் தாளத்தட்டும் அதே வழியில் வந்ததுதான். ஜாஸ் டிரம்மர்கள் கொண்டாடும் ஜில்ஜியன் சிம்பலின் பூர்வீகம் 1623இல் இஸ்தான்புல்லில் தொழிலைத் தொடங்கிய ஓர் ஆர்மீனியக் குடும்பம். ஆகவே யங்குலோவ் தப்பனை டிரம் செட்டுக்குப் பக்கத்தில் வைக்கும்போது நடப்பது, சில நூற்றாண்டுகளுக்கு முன் வெளியூர் போன உறவுக்காரன் ஊருக்குத் திரும்பி வந்து திண்ணையில் உட்காருவது. அவன் சட்டை மாறியிருக்கிறது, பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. அதற்காக வீட்டுக்குள் விடமாட்டேன் என்று ஒருவர் வாசலை மறிப்பாரானால், அவருக்குக் குடும்ப வரலாறு தெரியவில்லை.

தப்பன் துருக்கியருக்கும் முந்தியது, ஸ்லாவியருடையது, திரேசியருடையது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. யாருடையது முதலில் என்ற வழக்கை இங்கே தீர்க்கவேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1878 வரைக்கும் ஓட்டோமான் ஆட்சியில் இருந்த மண்ணில், எந்த முரசும் ஒரே கூட்டத்தின் தோளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்திருக்க முடியாது. அது போதும்.

தோள் என்றதும் அடுத்த கேள்வி: தப்பன் யார் தோளில் இருந்தது? கிராமமே கூடித் தப்பன் அடித்தது என்பது படத்துக்கு அழகு. பல ஊர்களில் ஹோரோ ஆட ஒரு கைடா போதும். தோல்பையில் காற்றடைத்து ஊதும் அந்தக் கருவி ஒன்றே ஓர் ஊரை ஆட்டிவிடும். சில இடங்களில் பெண்கள் பாடினாலே ஆட்டம். பெரிய சத்தம் வேண்டிய இடத்துக்கு, கல்யாணத்துக்கு, மல்யுத்தத்துக்கு, சந்தைக்கு, கூலி கொடுத்து ஆளைக் கூப்பிட்டார்கள். தென்மேற்கே பிரின் மலைப் பக்கம் ஸுர்னா என்ற ஊதுகருவி இரண்டு, தப்பன் ஒன்று என்பது வழக்கமான கட்டு: ஒரு ஸுர்னா மெட்டை எடுக்கும், மற்றது சுருதி பிடிக்கும், தப்பன் இருவரையும் ஓட்டும். இவற்றை வாசிப்பவர்கள் பெரும்பாலும் ரோமா இனத்தவர். தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

கூலிக்கு வாசிக்கிறவனுக்குக் கலப்பு என்பது கொள்கை இல்லை, பிழைப்பு. இன்று பல்கேரியக் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணம், அடுத்த வாரம் துருக்கியர் வீட்டில் சுன்னத்து விழா, அதற்கடுத்து தன் சொந்த ரோமா சனத்தின் கல்யாணம். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று கேட்பார்கள். கேட்டதை வாசிக்கத் தெரியாதவனை மறுமுறை அழைக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டு மெட்டு இந்த வீட்டுக்குப் போனதும், கிரேக்கத்து அடி பல்கேரியாவுக்கு வந்ததும், ருமேனியாவின் வேகம் டான்யூப் நதியைத் தாண்டியதும் இவர்கள் வழியாகத்தான். மரபு என்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிற பொருளைச் செய்தவர்களே முழுநேரக் கலப்புக்காரர்கள்.

1970களில் அவர்கள் கையில் வேறு கருவிகள் வந்திருந்தன. கிளாரினெட், சாக்சபோன், அக்கார்டியன், மின்சார கிதார், டிரம் செட், கூடவே பெரிய ஒலிபெருக்கி. கல்யாண வாத்தியக் குழு என்றே அந்த இசைக்குப் பெயர் விழுந்தது. இவோ பாப்பாசோவ் என்ற கிளாரினெட்காரர் 1974இல் கூட்டிய ‘திராக்கியா’ குழு அதில் தலையாயது. அவர் வாசிக்கும் கல்யாணத்துக்கு அழைப்பில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். இந்தக் குழுக்களின் டிரம்மர்கள் செய்தது என்ன? கியாக்கின் வேலையை வலது காலுக்குக் கொடுத்தார்கள். பிரச்காவின் வேலையை ஸ்நேர் என்ற சிறு முரசுக்கும் ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். கை இரண்டும் விடுபட்டதும் வேகம் எகிறியது. ஏழும் பதினொன்றும் இதற்கு முன் யாரும் ஆடிப் பார்க்காத ஓட்டத்தில் ஓடின. இது மேடையில் நடந்த பரிசோதனை அல்ல. திரேஸ் சமவெளியின் கல்யாணப் பந்தலில், ஆட்டக்காரர்களின் காலடியில் நடந்தது. யங்குலோவ் 1966இல் பிறந்தவர். அவர் பள்ளிக்கூடம் போய்வந்த காலத்திலேயே டிரம் செட் பல்கேரியக் கிராமத்துக்குள் குடியேறிவிட்டது. அவர் புதிதாகக் கெடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

சரி, அப்படியானால் அந்தச் ‘சுத்தமான மரபு’ என்ற நினைப்பு எங்கே பிறந்தது? பெரும்பகுதி அரசு அலுவலகத்தில். 1951இல் இசையமைப்பாளர் ஃபிலிப் கூத்தெவ் அரசு நாட்டார் கலைக்குழுவை உருவாக்கினார். ஊர் ஊராகத் தேடிக் குரல்வளம் மிக்க பெண்களைக் கொண்டுவந்து, ஒற்றைக் குரலிலோ இரட்டைக் குரலிலோ பாடிய பாட்டுகளைப் பல குரல்களுக்கு விரித்து எழுதினார். கதூல்கா என்ற வில் இசைக்கருவியைச் சின்னதும் பெரியதுமாக, செல்லோ அளவிலும் பேஸ் அளவிலும்கூடச் செய்தார்கள். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவின் அச்சில் நாட்டார் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று எழுந்தது. கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நடந்த தப்பன், நடத்துநரின் கோலைப் பார்த்து அடிக்கும் பின்வரிசைக் கருவியானது. மார்செல் செலியே 1975இல் வெளியிட்ட இசைத்தட்டின் வழியாக இந்தக் குரல்மரபு மேற்கே போனது. அந்த வரிசையின் இரண்டாம் தட்டுக்கு 1990இல் கிராமி விருதும் கிடைத்தது. மேற்கத்தியக் காதுகள் அதை ஆதிகாலத்துக் குரல் என்று நினைத்துக் கண் கலங்கின. அதில் பாதி, கூத்தெவும் அவர் வழி வந்தவர்களும் மேசையில் உட்கார்ந்து எழுதியது.

கூத்தெவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் செய்தது அழகு, அபாரமான அழகு. ஆனால் அது கலப்பு. கிராமத்துக் குரலையும் இசைக்கல்லூரி அமைப்பையும் கலந்த கலப்பு. அதை மரபு என்று ஏற்றுக்கொண்டு, யங்குலோவ் செய்வதை மட்டும் மரபுக் கேடு என்று தள்ளுகிறவர்கள் ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். கலப்பு 1951இல் அரசு முத்திரையோடு நடந்தால் மரபாகவும், பிறகு ஒரு தனியாளின் விருப்பத்தில் நடந்தால் கேடாகவும் ஆவது எப்படி?

இந்தச் ‘சுத்தம்’ என்ற சொல் பல்கேரியாவில் வெறும் ரசனைப் பேச்சாக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். 1980களில் அதற்குக் காவல்துறைச் சீருடை போட்டுவிட்டார்கள். 1984-85 குளிர்காலத்தில் அரசு லட்சக்கணக்கான துருக்கியரின் பெயர்களை வலுக்கட்டாயமாக மாற்றியது. முஸ்லிம் ரோமாக்களின் பெயர்களையும் மாற்றியது. துருக்கிச் சாயல், ரோமா சாயல் கொண்ட இசை பொது இடங்களில் கூடாது என்றது. ஸுர்னாவுக்கே தடை விழுந்தது. ஸுர்னா இல்லாமல் பிரின் பக்கத்துத் தப்பன்காரனுக்கு யாரோடு வாசிக்க வழி? ஒரு கருவியைத் தடுத்தபோது அதன் ஜோடியையும் சேர்த்தே முடக்கினார்கள். துருக்கி-ரோமா வேர்கள் கொண்ட பாப்பாசோவ் சிறைக்குப் போனார். கிராமங்களின் கல்யாண இசையை ஒழிக்க முடியாது என்று தெரிந்தபின், ஸ்தாம்போலோவோ ஊரில் 1985இலிருந்து அதற்கென்று ஒரு விழா எடுத்து, நடுவர்களை உட்காரவைத்து, எது பல்கேரியம், எது அல்ல என்று வடிகட்டப் பார்த்தார்கள். 1989இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துருக்கியர் எல்லையைத் தாண்டிப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆட்சியும் கவிழ்ந்தது.

இன்று தப்பனைக் கலக்காதீர்கள் என்று சொல்கிற ரசிகருக்கும் அன்று அந்தத் தடைகளைப் போட்ட அதிகாரிக்கும் சம்பந்தம் இல்லைதான். ரசிகர் யாரையும் சிறையில் போடமாட்டார். ஆனாலும் வாதம் ஒன்றே: வெளியிலிருந்து வந்தது அசுத்தம், அகற்றினால் உள்ளே அசல் மிஞ்சும். ஒருமுறை அகற்றிப் பார்த்தார்கள். மிஞ்சியது அச்சம்.

இதில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது, கலப்பவனின் இடத்தைப் பார்த்துத் தீர்ப்பு மாறுவது. பேலா பார்டோக் பல்கேரியத் தாளங்களைக் கேட்டு மயங்கி 1934இல் தன் ஐந்தாம் தந்தி நால்வர் இசைப் படைப்பில் ஒரு பகுதியையே அந்தப் பாணியில் எழுதினார். பியானோ மாணவர்களுக்காக அவர் எழுதிய ‘மிக்ரோகாஸ்மாஸ்’ தொகுதியின் கடைசி ஆறு துண்டுகளும் பல்கேரியத் தாள நடனங்கள். தப்பனின் குட்டை அடியும் நெட்டை அடியும் பியானோ கட்டைக்குப் போயின. பார்டோக் மேதை என்றார்கள், சரியாகவே சொன்னார்கள். டேவ் புரூபெக் இஸ்தான்புல் தெருவில் கேட்ட 2+2+2+3ஐ 1959இல் ஜாஸ் துண்டாக்கினார். அதே எண்ணிக்கைதான் தைச்சோவோவிலும். டான் எல்லிஸ் 1969இல் பல்கேரிய மெட்டொன்றைப் பெரிய பேண்டுக்கு எடுத்து 33 எண்ணிக்கையில் ஓட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் பல்கேரியாவிலிருந்து கிளம்பிப்போன மில்ச்சோ லெவியெவ் அவர் பேண்டிலேயே பியானோ வாசித்தார். இவர்கள் எல்லோரும் கடன் வாங்கியவர்கள், எல்லோருக்கும் கைதட்டல். தப்பனைத் தோளில் போட்டவன் ஜாஸிடம் கடன் கேட்டால் மட்டும், உன் வேரை மறந்துவிட்டாயே என்று பாடம். நகரத்துப் பியானோக்காரன் கிராமத்துக்கு வரலாம், கிராமத்துத் தப்பன் நகரத்துக்குப் போகக் கூடாது. இந்த ஒருவழிப் பாதையை மரபுக் காவல் என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

புகார்க்காரர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் நியாயமாகாது. தப்பன் ஆட்டக்காரனோடு பேசும் கருவி. ஹோரோ வளையத்தில் முன்னால் ஆடுகிறவன் தோளைச் சிலுப்பினால் தப்பன்காரன் அதைப் பார்த்து வேகத்தை ஏற்றுவான். வளையம் களைத்தால் தணிப்பான். யாராவது நடுவில் பாய்ந்து குந்தி எழுந்தால் அந்த எழும்பலுக்கு ஒரு கியாக் அடி விழும். தாளம் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் உருவாகிறது. இருட்டில் உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு முன்னால், காதில் மாட்டிய கருவியில் ஒரே சீராக ஓடும் ‘டிக் டிக்’கைக் கேட்டபடி வாசிக்கிற கலைஞனுக்கு அந்தப் பேச்சு கிடையாது. ஆகவே கலப்பு மேடை தப்பனின் பாதி மொழியைப் பறித்துவிடுகிறது என்கிறார்கள்.

உண்மைதான், பறிபோயிருக்கிறது. ஆனால் பறித்தது கலப்பு அல்ல. ஆட்டக்காரர்களை வளையத்திலிருந்து பிரித்து, வரிசையாக நிறுத்தி, அடிக்கு அடி எழுதிவைத்த அசைவுகளோடு மேடையேற்றியது அரசுக் குழுக்கள்தான். அங்கே டிரம் செட் கிடையாது, சின்தசைசர் கிடையாது, எல்லாமே ‘அசல்’. அதே சமயம் ஆட்டக்காரர்களைத் திரும்பக் கொண்டுவந்தது எது என்று பாருங்கள். 2000களின் நடுவிலிருந்து சோஃபியாவிலும் மற்ற நகரங்களிலும் ஹோரோ கற்கும் மன்றங்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. வங்கியில், கடையில், அலுவலகத்தில் வேலை முடித்த பெரியவர்கள் சாயங்காலம் கூடிக் கைகோத்து ஆடுகிறார்கள். அவர்கள் ஆடும் ஒலிப்பதிவுகள் பலவற்றில் தப்பனோடு டிரம் செட், பேஸ் கிதார், கீபோர்டு எல்லாம் இருக்கும். அவர்கள் காலுக்கு அது உறுத்தவில்லை. ஏழில் நெட்டை அடி எங்கே வருகிறது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

எல்லாக் கலப்பும் நல்லது என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். பெரும்பாலானது மோசம். கணினியில் நாலுக்கு நாலாக ஒரே சீராக இடிக்கும் பேஸ் டிரம்மை ஓடவிட்டு, அதன்மேல் பழைய தப்பன் பதிவிலிருந்து வெட்டிய இரண்டு முழக்கை ஒட்டிவிட்டு, பால்கன் ஆன்மா என்று பெயர் வைக்கிறார்கள். ஏழை நாலுக்குள் திணிக்கவேண்டும் என்பதற்காக நெட்டை அடியின் வாலை நறுக்குகிறார்கள். முன்பு சொன்னேனே, அந்த அடி ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கொஞ்சம் இழுபடும் என்று. கணினியின் கட்டத்தில் பொருத்தும்போது அந்த இழுபடல்தான் முதலில் சாகும். எண்ணிக்கை சரியாக இருக்கும். நடைக்கு உயிர் இருக்காது. இதைக் கண்டித்து யார் எழுதினாலும் என் ஆதரவு உண்டு. ஆனால் கண்டிக்கவேண்டிய இடம் இது: தாளத்தின் நடை செத்துவிட்டதா என்பது. பக்கத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். தப்பனையும் ஸ்நேரையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, இரண்டிலும் அந்த நெட்டை அடியைத் தன் போக்கில் இழுத்துப் பிடிக்கத் தெரிந்த ஒருவனை, ‘மாசுபடாத’ கைடாவும் தப்பனும் மட்டும் வைத்துக்கொண்டு உயிரில்லாமல் வாசிக்கிற ஒருவனைவிடத் தாழ்த்தி எடைபோட எனக்குக் காரணம் தெரியவில்லை.

அப்படி உயிரில்லாத ‘அசல்’ எங்கே கிடைக்கும் என்று கேட்டால், கருங்கடல் ஓரத்துச் சுற்றுலா விடுதிகளில். ஸ்த்ராஞ்சா மலையில் பல்கரி என்ற ஊரில் புனிதர் கான்ஸ்டன்டைன், ஹெலனா திருவிழாவில் சிலர் சுவாமிப் படங்களை ஏந்தித் தணல்மேல் நடப்பார்கள். கைடாவும் தப்பனும் அவர்களை நடத்திச் செல்லும். அந்தத் தப்பன் சாதாரணத் தப்பன் அல்ல. சுவாமிப் படங்களோடு கோயில் அறையில் வைத்துப் போற்றப்படுவது. யுனெஸ்கோ 2009இல் இந்த விழாவை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த இடத்தில் போய் எந்த ஜாஸ்காரனும் வாசிக்கவேண்டாம். யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் கடலோர விடுதிகளில் இரவு உணவுக்குப் பின்னால் இதே தணல் நடையைக் காட்சியாக நடத்துகிறார்கள். கைடா, தப்பன், தணல், பாரம்பரிய உடுப்பு, எல்லாம் சுத்தம். விசுவாசம் மட்டும் கிடையாது. மரபுக்கு உண்மையான அவமானம் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் காட்சி. சின்தசைசரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களில் எத்தனை பேர் இதைப் படமெடுத்துக்கொண்டு வந்து அசல் பல்கேரியா என்று நண்பர்களிடம் காட்டியிருப்பார்களோ, தெரியாது.

கோப்ரிவ்ஷ்தித்சாவில் 1965 முதல் நடந்துவரும் தேசிய நாட்டார் விழாவைப் போன்றவை தங்கள் விதிகளோடு தொடரட்டும். ஊர்ப் பாட்டிகளும் தாத்தாக்களும் தங்களுக்குத் தெரிந்தபடியே வாசித்துப் பாட ஓர் இடம் வேண்டும். பிள்ளைகளுக்குக் கோத்தெலில் 1967இல் திறந்த நாட்டார் இசைப் பள்ளி போன்ற கல்விக்கூடங்கள் தேவை. அங்கே கற்ற ஒருவன் பிறகு எந்த மேடைக்குப் போவான் என்பதை மட்டும் மற்றவர்கள் எழுதிவைக்க முடியாது.

தப்பன் மெலிந்து வருகிறது என்ற கவலையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் காரணத்தைத் தேடவேண்டிய இடம் வேறு. 1980களின் முடிவில் பல்கேரியாவின் மக்கள்தொகை 90 லட்சத்தை ஒட்டியிருந்தது. 2021 கணக்கெடுப்பில் அது சுமார் 65 லட்சம். போனவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அதிகம் காலியானவை கிராமங்கள். கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊரில் கல்யாணம் நடக்காது. கல்யாணம் நடக்காத ஊரில் தப்பன்காரனைக் கூப்பிடவும் கூலி கொடுக்கவும் ஆளில்லை. இதைப் பற்றி மூச்சுவிடாமல், ஹெல்சிங்கியில் ஒருவர் தப்பனுக்குப் பக்கத்தில் என்ன கருவி வைத்திருந்தார் என்று இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.